சி.டி.4 சரிந்த அன்று நான் சொல்லாமல் விட்டிருந்தது

ரிசல்ட் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எச்.ஐ.வி-க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி மையத்தின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் எச்.ஐ.வி குறிவைத்து அழிக்கும் வகைதான் சி.டி.4. ஆறு மாதத்துக்கு முன் என் சி.டி.4 எண்ணிக்கை 437. அன்று 287. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருப்பதாக அதே சீட்டில் எழுதியிருந்தது. வைரஸ் அடங்கிக் கிடக்கும்போது எண் ஏன் இப்படிச் சரிய வேண்டும்?

200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993-ல் வகுத்த வரையறை எனக்கு மனப்பாடம். ஆறு மாதத்தில் 150 போயிருக்கிறது, இன்னும் 87 போனால் 200. மூன்றரை மாதம். படிக்கட்டில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இதுதான்.

அந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்பதை எனக்கு விளக்கிய டாக்டருக்கு நான் அதுவரை உண்மை சொன்னதில்லை. ஊசி மூலம் ஹெராயின் போட்டுக்கொண்டவன் நான், ஏழு வருடம். எச்.ஐ.வி இருப்பது தெரிந்து பதிவு செய்தபோது, எப்படி வந்திருக்கும் என்று கேட்டார்கள். உடலுறவு மூலம் என்று சொன்னேன். போதை ஊசி என்று சொன்னால் மருந்து தரமாட்டார்கள், தந்தாலும் இவன் ஒழுங்காகச் சாப்பிடமாட்டான் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயம். முழுக்கைச் சட்டைதான் எப்போதும். ரத்தம் எடுக்கும்போது மட்டும் கையைக் காட்ட வேண்டும். அங்கே இருந்த சிஸ்டர் தழும்புகளைப் பார்த்திருப்பார். ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்ததும் 287 என்ற எண்ணை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்த சதவீதத்தைத்தான் முதலில் பார்த்தார். போன தடவை 27 சதவீதம், இந்தத் தடவை 26. "இது அப்படியே இருக்குப்பா" என்றார். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கேயும் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் யாருக்காவது இது பயன்படும்.

சி.டி.4 எண்ணிக்கை என்பது, பல ஆய்வகங்களில், மூன்று எண்களின் பெருக்கல். ரத்தத்தில் மொத்த வெள்ளை அணுக்கள் எத்தனை, அதில் லிம்போசைட் என்ற வகை எத்தனை சதவீதம், அந்த லிம்போசைட்டில் சி.டி.4 வகை எத்தனை சதவீதம். முதல் தடவை எனக்கு வெள்ளை அணு 6,000, லிம்போசைட் 27 சதவீதம், அதாவது 1,620. அதில் 27 சதவீதம் சி.டி.4, ஆக 437. இரண்டாவது தடவை வெள்ளை அணு 3,800 மட்டுமே. லிம்போசைட் 29 சதவீதம், 1,102. அதில் 26 சதவீதம், 287. எச்.ஐ.வி தன் வேலையைக் காட்டியிருந்தால் கடைசிச் சதவீதம் இறங்கியிருக்கும். அது இறங்கவில்லை. இறங்கியது மொத்த வெள்ளை அணு. 200 என்ற எண்ணுக்கு இணையான சதவீதம் ஏறத்தாழ 14. நான் அதன் பக்கத்திலேயே இல்லை.

நேரடியாக எண்ணிச் சொல்லும் கருவிகளும் இருக்கின்றன, அவற்றில் பெருக்கல் கிடையாது. ஆனாலும் மொத்த அணுக்கள் குறைந்தால் அங்கேயும் எண் குறைந்துதான் வரும்.

"வெள்ளை அணு ஏன் குறைஞ்சது, அதைத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இறங்கியிருந்தது. என்னைப் படுக்கச் சொல்லி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். மண்ணீரல் தட்டுப்பட்டது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எப்பவாவது ஊசி போட்டுருக்கியா?" என்று கேட்டார்.

அன்றுதான் சொன்னேன்.

ஊசியை மட்டும்தான் பகிர்ந்துகொள்ளக்கூடாது என்று நானும் என் கூட்டாளிகளும் நினைத்திருந்தோம். கரைக்கும் ஸ்பூன், வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் எல்லாம் பொது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் எச்.ஐ.வி-யைவிடக் கெட்டி. காய்ந்த ரத்தத்தில்கூட நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பரிசோதனையில் எனக்கு அது இருந்தது. பல வருடமாக இருந்திருக்கிறது. கல்லீரல் இறுகி சிரோசிஸின் தொடக்கத்தில் நின்றது. இறுகிய கல்லீரலுக்குள் ரத்தம் புக முடியாமல் பின்னால் தேங்க, மண்ணீரல் வீங்கி, அணுக்களையெல்லாம் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. சி.டி.4 அணுக்கள் சாகவில்லை, மண்ணீரலுக்குள் அடைந்து கிடந்தன. பதிவு செய்த நாளிலேயே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை எழுதியிருப்பார்கள், கல்லீரல் இந்த அளவுக்குப் போயிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

இதையொட்டி ஒரு விஷயம். ஹெபடைட்டிஸ் சி-க்கு முதலில் செய்வது எதிர்ப்புப்பொருள் பரிசோதனை. சி.டி.4 மிகவும் குறைந்திருப்பவர்களிடம் அது சில சமயம் இல்லை என்று தவறாகக் காட்டும், உடல் எதிர்ப்புப்பொருளை உண்டாக்கும் வலுவிலேயே இல்லாததால். ஊசி போட்ட பழக்கம் இருந்து, கல்லீரல் என்சைம்கள் ஏறியும் இருந்தால், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ-வை நேரடியாகப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். குணமான பிறகோ நேர்மாறு. எதிர்ப்புப்பொருள் வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று கருதிக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டு மறுபடி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் பயப்படாமல் ஆர்.என்.ஏ பாருங்கள்.

நான் இப்போது பத்து வருடமாகச் சக ஆலோசகனாக இருக்கிறேன். போதை ஊசியிலிருந்து மீண்டவர்களோடும், இன்னும் மீளாதவர்களோடும் பேசுவதுதான் வேலை. எல்லோரும் என் முன்னால் நீட்டுவது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான். எங்கள் ரத்தத்தை மற்றவர்கள் ரத்தம் போலப் படித்தால் தப்பாகப் படிக்க நேரும் என்பதை அந்தச் சீட்டுகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

வைரல் லோடு பரிசோதனை 1990-களின் நடுவில் வருவதற்கு முன்பு, யாருக்கு நோய் வேகமாக முற்றும் என்று கணிக்க டாக்டர்கள் வேறு சில பொருள்களை ரத்தத்தில் அளந்தார்கள். நியோப்டெரின் ஒன்று. லிம்போசைட்டுகள் இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைப் பொருளை விடும்போது, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்கள் நியோப்டெரினைச் சுரக்கின்றன. இன்னொன்று பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். உட்கரு உள்ள எல்லா அணுக்களின் மேற்பரப்பிலும் இருக்கும் சிறு புரதம், அணுக்கள் வேகமாக அழிந்து பிறக்கும்போது ரத்தத்தில் கூடும். இரண்டுமே எதிர்ப்பு மண்டலம் எவ்வளவு கொதிநிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுபவை.

இவற்றைப் பற்றி ஒரு பயிற்சியில் முதல் தடவை கேட்டபோது எனக்கு உறைத்த விஷயம் வேறு. எச்.ஐ.வி இல்லாத, ஆனால் ஊசி போட்டுக்கொள்பவர்களிடமும் இந்தக் கொதிப்பு காணப்படுகிறது. யோசித்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. ஒவ்வொரு ஊசியிலும் தெருச் சரக்கில் கலந்த தூள், தோலின் கிருமி, பஞ்சின் இழை எல்லாம் நேரே ரத்தத்துக்குள் போகின்றன. ஹெபடைட்டிஸ் சி வேறு. ஆறாத புண், கட்டி வேறு. உடம்பு இரவும் பகலும் விழித்தே கிடக்கிறது. அந்த நிலையில் எச்.ஐ.வி-யும் வந்து சேரும்போது, ஏறியிருக்கும் நியோப்டெரினில் வைரஸின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று அந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானால் அந்த எண் தானாகவே ஏறும்.

இந்த இரண்டும் இன்று வழக்கமான பரிசோதனையில் இல்லை. ஆனால் அதே குழப்பம் வேறு உருவில் நடந்துகொண்டேயிருக்கிறது. அதில் ஒன்று ஒரு குடும்பத்தையே குலைக்கப் பார்த்தது.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். ஊசியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓர் ஆய்வகத்தில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று எழுதி, "மேகநோய்" என்று வாயாலும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூடவே வந்திருந்த மனைவி அதைக் கேட்டுவிட்டார். எச்.ஐ.வி-யைத் தாங்கிக்கொண்ட அண்ணி இதைத் தாங்கவில்லை. "ஊசியாலதான் வந்துச்சுன்னு இத்தன நாளா சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்டுவிட்டு அன்று ராத்திரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் என்னிடம் வந்து, திரும்ப ஊசிக்கே போய்விடுவேன் போலிருக்கிறது என்று அழுதார்.

வி.டி.ஆர்.எல் சிபிலிஸ் கிருமியை நேராகப் பார்க்கும் பரிசோதனை அல்ல. கொழுப்புப்பொருள் ஒன்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளைப் பார்ப்பது. ஊசி போட்டுக்கொள்பவர்களின் எதிர்ப்பு மண்டலம் சதா கிளர்ந்திருப்பதால், ஐ.ஜி.எம் போன்ற எதிர்ப்புப்பொருள்கள் இலக்கில்லாமல் பெருகிக்கிடக்கும். அதனால் சிபிலிஸ் இல்லாமலேயே குறைந்த அளவில் பாசிட்டிவ் காட்டுவது இவர்களிடம் பல காலமாகவே அறியப்பட்ட ஒன்று. டி.பி.எச்.ஏ என்ற உறுதிப்படுத்தும் பரிசோதனை எடுத்தோம், நெகட்டிவ். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நானும் ஏ.ஆர்.டி மையத்துச் சிஸ்டரும் அண்ணியைப் பார்க்கப் போனோம். சிஸ்டர்தான் பேசினார். அண்ணி திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

வி.டி.ஆர்.எல் பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்தாமல் யாரிடமும் சொல்லாதீர்கள், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். அதே சமயம் உறுதிப்படுத்தாமல் ஒதுக்கியும் விடாதீர்கள். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு உண்மையான சிபிலிஸ் வந்தால் அதைத் தாமதமில்லாமல் பார்த்தாக வேண்டும்.

அடுத்து, ரத்தம் எடுப்பது. எங்களுக்கு இதுவே ஒரு பெரிய பாடு. நரம்பு கிடைக்காது. ஐந்து இடத்தில் குத்தி, ஆறாவது இடத்தில் சொட்டுச் சொட்டாக வரும். அப்படி மெதுவாக வரும் ரத்தம் குழாயிலேயே கொஞ்சம் உறைந்துவிட்டால் எண்ணிக்கை தவறாக வரும். சி.டி.4-க்கு ஊதா மூடிக் குழாய். நிரம்பியதும் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. இதெல்லாம் அவர்கள் வேலைதான். ஆனால் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். முந்தின நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கையை வெந்நீரில் கொஞ்சநேரம் வைத்திருங்கள். எந்த நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், வெட்கப்படாமல் காட்டுங்கள். உண்மையைச் சொன்ன பிறகு முதல் தடவை நான் அப்படிக் காட்டியபோது சிஸ்டர், "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒன்ன இத்தன தடவ குத்தியிருக்க மாட்டேன் தம்பி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சி.டி.4 ஒரே நாளிலேயே மாறும். நண்பகலை ஒட்டிக் குறைந்தும் மாலைக்குமேல் கூடியும் இருக்கும். சளிக்காய்ச்சல், சீழ்க்கட்டி, ஸ்டீராய்டு மருந்து எல்லாமே அதைத் தற்காலிகமாகக் கீழே தள்ளும். எப்போதும் ஒரே ஆய்வகத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொடுங்கள். உடம்பு சரியில்லாதபோது கொடுத்திருந்தால் அதைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நான் ஒரு சின்ன நோட்டில் எழுதுகிறேன், தேதி, எண், சதவீதம், அந்த வாரம் உடம்பு எப்படி இருந்தது என்று. ஒற்றை எண்ணைவிட அந்த நோட்டின் ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

வைரல் லோடும் இப்படித்தான் ஒரு தடவை பயமுறுத்தும். எனக்கு ஒருமுறை 86 என்று வந்தது. அடுத்த தடவை மறுபடி கண்டறிய முடியாத அளவு. 200-க்குக் கீழே இப்படி ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போவது பலருக்கும் நடப்பதுதான். தொடர்ந்து ஏறினால் கதை வேறு.

அப்படித் தொடர்ந்து ஏறிய ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்து நாலு வயது. ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவமனையில் தரும் மெத்தடோன் மருந்தை எடுத்துக்கொண்டு ஹெராயினை விட்டிருந்தான். எச்.ஐ.வி சிகிச்சை மையத்தில் அதைச் சொல்லவில்லை, நான் மறைத்த அதே காரணத்துக்காக. அவனுக்கு எஃபாவிரென்ஸ் உள்ள மாத்திரை தந்தார்கள். பத்து நாளில் உடம்பெல்லாம் முறித்துப்போடும் வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. ஹெராயின் கிடைக்காத நாள்களில் அவனுக்குத் தெரிந்த வேதனைதான் அது. எச்.ஐ.வி மாத்திரை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி அதை நிறுத்தினான். அதற்குள் வலி தாங்காமல் பழைய சரக்குக்கும் திரும்பியிருந்தான். அடுத்த வைரல் லோடு 40,000-க்குமேல். சி.டி.4 நூற்று எண்பது. சீட்டைப் பார்த்தவர்கள், போதைக்காரன், மாத்திரை சாப்பிடவில்லை என்று எழுதி வைத்தார்கள்.

நடந்தது என்னவென்றால், எஃபாவிரென்ஸ் கல்லீரலின் என்சைம்களைத் தூண்டி மெத்தடோனை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. மெத்தடோன் குடித்தும் குடிக்காத நிலைமை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் இதையே செய்யும். மெத்தடோன் அளவைக் கூட்டியிருந்தால் போதும், அல்லது மருந்தை மாற்றியிருக்கலாம். இப்போது பரவலாகத் தரப்படும் எச்.ஐ.வி மருந்தான டோலுடெக்ராவிர் மெத்தடோனைத் தொடுவதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருந்தால் யார் என்ன செய்ய முடியும்? அவனை அழைத்துக்கொண்டு இரண்டு மையங்களுக்கும் போய், இரண்டு மருந்துச் சீட்டையும் இரண்டு மேசையிலும் வைத்தேன். மருந்து மாறியது. சி.டி.4 இருநூறுக்குக் கீழே இருந்ததால் நிமோனியா வராமல் தடுக்கக் கோட்ரைமாக்ஸசோலும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

போதைக்காரர்களுக்கு இந்த மருந்து கொடுத்துப் பயனில்லை என்று இன்னும் சொல்பவர்களைப் பார்க்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிகிச்சை தொடங்கிய மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கே சிகிச்சை இலவசம். கதவு திறந்திருந்தால் எங்கள் ரத்தமும் மற்றவர்கள் ரத்தம் போலத்தான் தேறுகிறது. இதை நான் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்ல வேண்டிய இடங்களில் கோபத்தோடும்.

மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சி.டி.4 நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறையும்போது தொடங்கலாமா என்று சோதித்த ஸ்மார்ட் ஆய்வு, 2006-ல், இடையில் நிறுத்தியவர்கள் அதிகம் இறந்ததைக் காட்டியது. எய்ட்ஸ் நோய்களால் மட்டும் அல்ல, இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்புகளும் அவர்களிடம் கூடுதல். அந்த ஆய்வின் ரத்த மாதிரிகளில், உடம்பின் கொதிப்பைக் காட்டும் இன்டர்லூகின்-6, ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் என்ற இரண்டும் ஏறியிருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. அந்தப் பரிசோதனைகளை நீங்கள் கேட்டு எடுக்க வேண்டியதில்லை, அவற்றை வைத்து மாற்றும் சிகிச்சை எதுவும் இப்போது இல்லை. வைரஸை அடக்கி வைப்பது, ஹெபடைட்டிஸ் சி-யைக் குணப்படுத்துவது, புகையை விடுவது, ஊசியை விட முடியாதவரை ஒவ்வொரு தடவையும் புதிய ஊசி, புதிய தண்ணீர், தோலைத் துடைத்துவிட்டுப் போடுவது, அந்தக் கொதிப்பைத் தணிக்க நம் கையில் உள்ளவை இவைதான். காய்ச்சல் வந்தால் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஊசி போடுபவருக்கு வரும் காய்ச்சல் இதய வால்வில் கிருமி தொற்றியதாலும் இருக்கலாம். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக்.

எனக்கு ஹெபடைட்டிஸ் சி மாத்திரை பன்னிரண்டு வாரம். தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தார்கள், சி அடங்கும்போது பி தலைதூக்கும் ஆபத்து இருப்பதால். முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து ஆர்.என்.ஏ பார்த்தபோது வைரஸ் இல்லை. சிரோசிஸ் முழுதாகப் போய்விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலுக்கு ஸ்கேன், புற்றுநோய் வருகிறதா என்று. மண்ணீரல் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. போன மாதம் சி.டி.4 391, சதவீதம் 29.

அந்தத் தம்பி நேற்று வந்திருந்தான். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவு. சீட்டை என்னிடம் நீட்டாமல் தானே பிரித்து, விரலை வைத்து, கீழே இருந்த சதவீதத்தை முதலில் படித்தான்.